டேப்பில் இருந்த மூக்கு

என் நாத்தனாரின் மூக்கை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே அந்த மூக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தது. மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள், நான் அண்ணி என்று கூப்பிடும் அவள் மூக்கால் பார்ப்பாள். நான் போட்ட டீயை முகர்ந்துவிட்டு "பரவாயில்ல" என்பாள். நான் வாங்கிய சோபா பரவாயில்லை, நான் எடுத்த திரைச்சீலை பரவாயில்லை, என் மகளின் பாட்டும் பரவாயில்லை. என் கணவர், அவளுடைய அருமைத் தம்பி, "அக்கா பரவாயில்லன்னா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று பக்கத்தில் நின்று விளக்கவுரை சொல்வார். எனக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம் என்பது அந்த மனுஷருக்கு மட்டும் புரியவே இல்லை.

அந்த மூக்கில்தான் கேன்சர் வந்தது.

அண்ணி கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பவர் கண்ணாடி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மூக்கில் அவள் கை பட்டிருக்கும். ஆள் உள்ளே நுழையும்போதே "உங்களுக்கு மூக்குத் தண்டு தாழ்வு, அந்த ஃப்ரேம் நிக்காது" என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளின் மூக்கை, உயிரைக் காப்பாற்றுவதற்காக, முழுசாக எடுக்க வேண்டியதாகிவிட்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் சொந்தக் கண்ணாடியை மாட்ட அவளுக்கு இடமில்லை. எலாஸ்டிக் பட்டையில் கட்டித் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள், அது கன்னத்துக்கும் நெற்றிக்கும் நடுவே வழுக்கிக்கொண்டே இருந்தது. முகத்தின் நடுவில் பஞ்சுக்கட்டு, அதன் மேல் துணி மாஸ்க். தெருவில் குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தன. பெரியவர்கள் பார்த்த கையோடு அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குழந்தைகளைப் பொறுத்துக்கொண்டாள், பெரியவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. கடையைப் பூட்டினாள். பிறகு வீட்டுக் கதவையும் பூட்டிக்கொண்டாள்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில். விபத்திலோ வியாதியிலோ விரல், காது, மூக்கு இழந்தவர்களுக்கு சிலிக்கானில் அச்சு அசலாக உறுப்பு செய்து கொடுக்கும் இடம் அது. பட்டறை என்போம். உறுப்பை எடுப்பதற்கு முன்பே முகத்தை ஸ்கேன் செய்துவைத்துவிட்டால், புண் ஆறிய பிறகு அதே வடிவத்தில் மெழுகில் செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுக்கலாம். அண்ணியை ஆபரேஷனுக்கு முன்பு இழுத்துக்கொண்டு வந்து ஸ்கேன் எடுக்கவைத்தவள் நான்தான். "இதுக்கெல்லாம் எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள்.

அந்த ஸ்கேன்களைப் பத்திரப்படுத்துவது என் வேலை. கம்ப்யூட்டரில் இடம் போதாது என்பதால் எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிடுவோம். டேப் என்றால் உள்ளங்கையளவு டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும் நீள நாடா. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத முடியும், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்க முடியும். எங்கள் டேப்பில் முதலில் விரல்கள், அடுத்து காதுகள், கடைசியில் மூக்குகள். இதற்கு இன்னொரு பிரதியும் இருந்தது. அது போன மாதம், டேப்பை ஓட்டும் டிரைவில் சிக்கி அறுந்துபோயிற்று. புதுப் பிரதி எடுக்கும் வேலையை இந்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

அண்ணிக்குப் புண் ஆறிவிட்டது, மூக்கு செய்யலாம் என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் இது நடந்தது. காலையில் நான் போனபோது டபுள்செக் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டபுள்செக் என்பது என்னோடு வேலை பார்ப்பவருக்குப் பட்டறை வைத்த பெயர். பஸ் ஸ்டாப் வரை போனவர், கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, அழுத்தினோமா என்று இன்னொரு தடவை அழுத்துவார். இத்தனை வருஷத்தில் அவர் கையால் ஒரு தவறு நடந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், உக்காருங்க."

"என்னாச்சு சார்?"

"மொதல்ல உக்காருங்க. புதுசா வந்த ஸ்கேனையெல்லாம் டேப் கடைசியில சேக்கணும்னு எடுத்தேன். சரியா கடைசி வரைக்கும் ஓட்டி நிறுத்தினேன். நிக்குதான்னு பாத்தேன். நின்னுச்சு."

"சரி."

"இன்னொரு தடவை பாத்தேன்."

"இன்னொரு தடவை எந்தப் பேர்ல பாத்தீங்க?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

எங்கள் டேப் டிரைவை இரண்டு பெயரில் கூப்பிடலாம். ஒரு பெயரில் கூப்பிட்டால், கேட்டதைச் செய்துவிட்டு டேப்பை அதே இடத்தில் நிறுத்திவைக்கும். இன்னொரு பெயரில் கூப்பிட்டால், கேட்டதைச் செய்துவிட்டு டேப்பை ஆரம்பத்துக்கே சுற்றிவிடும். முதல் தடவை மனுஷர் சரியான பெயரில்தான் பார்த்திருக்கிறார். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டாம் தடவை சரிபார்க்கும்போது அடுத்த பெயர் விரலில் வந்துவிட்டது. "டேப் கடைசியில்தான் இருக்கிறது" என்று டிரைவ் பதில் சொல்லியிருக்கிறது, சொன்ன கையோடு ஆரம்பத்துக்குச் சுற்றியும்விட்டது. பதிலைப் படித்துத் திருப்திப்பட்டு இவர் எழுதத் தொடங்கியிருக்கிறார், பழைய விரல்கள் மேலேயே. ஒரு தடவை பார்த்து விட்டுவிடுகிற சோம்பேறிக்கு இந்தத் தவறு வரவே வராது.

விரல்களும் காதுகளும் போனால் போகட்டும், அவற்றையெல்லாம் செய்து கொடுத்தாயிற்று, அச்சுகள் அலமாரியில் இருக்கின்றன. செய்யாமல் காத்திருந்தது ஒரே ஒரு மூக்குதான். அந்த மூக்குக்கும் எனக்கும் உள்ள பகை எங்கள் குடும்பத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். டபுள்செக் அழித்துவிட்டார் என்று நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"மூக்கு வரைக்கும் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"போகல. காதுல எங்கயோ நடுவுல நின்னுருக்கும். ஆனா..."

அந்த 'ஆனா' எனக்கும் தெரியும். எழுதி முடித்ததும் டிரைவ் அந்த இடத்தில் 'முடிந்தது' என்று ஓர் அடையாளம் வைத்துவிடும். அதற்குப் பிறகு டேப்பில் என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அடையாளம் வரை ஓடும், நிற்கும், அவ்வளவுதான் என்று கையைக் கட்டிக்கொள்ளும். அண்ணியின் மூக்கு அந்த நாடாவில் அழியாமல் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் போக டிரைவ் மறுத்தது. இதற்கென்றே இருக்கும் கம்பெனிகளுக்குப் போன் போட்டோம். இந்த மாடலை நாங்கள் தொடுவதை நிறுத்திப் பல காலமாயிற்று என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. முரட்டு வழி. அடையாளம் இருக்கும் இடத்திலிருந்து மேலும் கொஞ்சம் குப்பையை எழுதத் தொடங்க வேண்டும். பழைய அடையாளம் அதில் அழிந்துவிடும். எழுதி முடித்துப் புது அடையாளம் வைப்பதற்குள் டிரைவின் பவர் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். அடையாளமே இல்லாவிட்டால் டிரைவுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது, தாண்டிப் போய்விடும். தாண்டிப் போனால் மூக்கு கிடைக்கும். ஆனால் அந்தக் குப்பை, இருப்பதைத் தின்றுகொண்டேதான் முன்னால் போகும். சீக்கிரம் பிடுங்கினால் ஒன்றும் நடக்காது, லேட்டாகப் பிடுங்கினால் மூக்கும் போய்விடும். மூக்குகள் எங்கே ஆரம்பிக்கின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த நாடாவும் நோஞ்சான், ஒரு அதிர்ச்சிக்கு மேல் தாங்காது.

மெழுகு செதுக்கும் மாஸ்டர்தான் பட்டறைக்குப் பொறுப்பு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இதுல எங்கிட்ட எதுக்குக் கேக்கறே? மூக்குக்காரியைக் கேளு."

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன். ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தது. கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"நீயா அழிச்சே?" என்றாள்.

"இல்ல அண்ணி. சத்தியமா நான் இல்ல."

"நீ இல்லன்னு தெரியும். நீயா இருந்தா மிச்சம் வெச்சிருக்க மாட்டே."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் செய்தித்தாளை மடித்தாள்.

"வேற வழி இல்லியா?"

"மாஸ்டர் உத்தேசமா ஒரு மூக்கு செஞ்சு தரேங்கறாரு. நல்லாவே செய்வாரு."

"உத்தேச மூக்கை மாட்டிக்கிட்டு நான் யாரு மூஞ்சில முழிக்கறது? கண்ணாடியில பாத்தா எனக்கே யாரோன்னு இருக்கும். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு." மாஸ்க்கின் மேல் அவள் கண்கள் நிறைந்துவிட்டன. இந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். "என் மூக்கு வரணும். இல்லன்னா ஒண்ணும் வேண்டாம், இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"அப்போ அந்த ஒயரைப் பிடுங்கிப் பாத்துடலாமா?"

"யாரு பிடுங்குவா?"

"நான்தான்."

"நீ வேண்டாம். தப்பிப்போச்சுன்னா சாகற வரைக்கும் உன்னைத் திட்டுவேன். நானே பிடுங்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டறைக்கு விடுமுறை. அண்ணி ஆட்டோவில் தலையைக் குனிந்தபடியே வந்தாள். பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போனேன். டேப் அறையில் எப்போதும் குளிர், அவளுக்கு என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். டபுள்செக் அவள் முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"நீங்கதானா அது?" என்றாள் அண்ணி. "ரெண்டு தடவை பாக்கற ஆளு நல்ல ஆளுதான். இன்னிக்கு ஒரு தடவை பாத்தாப் போதும்."

முதலில் பழைய டேப் ஒன்றை வைத்து ஒத்திகை பார்த்தோம். எழுதச் சொன்னதும் டிரைவ் உடனே எழுதிவிடாது. கொஞ்ச நேரம் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருக்கும், பிறகு சத்தம் மாறி 'கிர்ர்' என்று ஆரம்பிக்கும். அந்தக் கிர்ருக்கு அப்புறம்தான் நாடாவில் எழுத்து விழுகிறது. முதல் ஒத்திகையில் அண்ணி முனகலிலேயே பிடுங்கிவிட்டாள், அடையாளம் அப்படியே இருந்தது. அடுத்ததில் தயங்கிவிட்டாள், டிரைவ் சாவகாசமாகப் புது அடையாளமே வைத்துவிட்டது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. டிரைவ் அடையாளம் இல்லாமல் தடுமாறி, முக்கி முனகி, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. டபுள்செக் குழந்தை மாதிரி கை தட்டினார்.

பிறகு உண்மையான டேப்பைப் போட்டோம். ஓடி வந்து அடையாளத்தில் நின்றது. டபுள்செக் இடத்தைப் பார்த்தார், ஒரே ஒரு தடவை. இன்னொரு தடவை பார்க்கத் துடித்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். அண்ணி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நான் கையைத் தூக்கினதும் இழுங்க அண்ணி."

"சரி, ஆரம்பி."

எழுதச் சொன்னேன். ம்ம்ம் என்றது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் வேறு எதுவும் கேட்கவில்லை. கிர்ர் வந்ததா, வரவில்லையா? கையைத் தூக்கலாமா? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி வெடுக்கென்று இழுத்துவிட்டாள். டிரைவின் விளக்குகள் அணைந்தன. ஏசி மட்டும் ஓடியது.

"நான் கையே தூக்கலியே அண்ணி!"

"உன் கையைப் பாத்துட்டிருந்தா விடிஞ்சுடும். எனக்குக் கேட்டுது, இழுத்துட்டேன்."

மறுபடி பவர் கொடுத்தோம். டிரைவ் வெகுநேரம் செத்தது மாதிரி கிடந்தது. டபுள்செக் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு பச்சை விளக்கு வந்தது. முன்னால் போகச் சொன்னோம். டேப் ஓடியது, அடையாளம் இருந்த இடத்தைத் தொட்டது, தடுமாறியது, தாண்டியது. தாண்டியேவிட்டது. திரையில் மூக்குகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. யார் யாருடைய மூக்கோ. அண்ணி எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் விரல்கள் என் தோளில் அழுந்தியது வலித்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அரைகுறையாக வந்து விழுந்த துண்டுதான் அவளுடையது, குப்பை மிச்சக் காதுகளைத் தின்று வந்து நின்ற இடத்தை ஒட்டி இருந்திருக்கிறது. பாதிதான் கிடைத்தது. ஸ்கேனர் உதட்டிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கிப் போகும், அதனால் கீழ்ப்பாதி போய்விட்டது. புருவத்திலிருந்து இறங்கும் தண்டு முழுசாக, ஒரு புள்ளி குறையாமல் வந்திருந்தது. நுனியும் துவாரங்களும் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி இழுத்திருக்கணும்," என்றாள் அண்ணி. இழுத்தது அவள் கை, யாரைத் திட்டுவது?

"கண்ணாடி நிக்கற இடம் அப்படியே வந்துடுச்சு அண்ணி," என்றேன்.

"ம்," என்றாள்.

அடுத்த நாள் மாஸ்டர் தண்டை மெழுகில் எடுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மேட்டிமை, அந்த லேசான கூன், எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே வெறும் மெழுகு உருண்டை. போட்டோக்களைப் பரப்பினார். எல்லாப் போட்டோவிலும் அண்ணி நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் மூக்கு பரந்துவிடும், நேராகப் பார்த்தால் நுனி எவ்வளவு நீளம் என்று தெரியாது.

"நுனி எப்படி இருந்துச்சு?" என்று அண்ணியோடு வந்திருந்த என் கணவரிடம் கேட்டார் மாஸ்டர்.

"நல்லா இருந்துச்சு சார்."

"நல்லான்னா?"

"எடுப்பா."

"எடுப்புன்னா உருண்டையா, கூரா?"

என் கணவர் விழித்தார். ஐம்பது வருஷம் தம்பியாக இருந்தவர், அக்கா முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை போலிருக்கிறது. பாசம் இருந்தால் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அண்ணியோ ஊரார் மூக்கையெல்லாம் அளந்தவள், தன் மூக்கைக் கண்ணாடியில் எதிரே இருந்துதான் பார்த்திருக்கிறாள். கண்ணை மூடி மெழுகைத் தடவினாள். தடவினால் தப்பென்று தெரிந்தது, எது சரி என்று சொல்ல வரவில்லை.

மாஸ்டர் நுனியை உருட்டி வைத்தார்.

"அப்படி இல்ல," என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் கீழ எறங்கணும் மாஸ்டர். டீயை மோந்து பாக்கும்போது கப் விளிம்புல படும், அவ்வளவு நீளம். நுனி நடுவுல லேசா ஒரு பள்ளம். பக்கத்துலேர்ந்து வெளிச்சம் விழுந்தாத்தான் தெரியும். இடது துவாரம் சின்னது. வலது பக்கம் விளிம்புல கடுகு சைஸ்ல ஒரு அம்மைத் தழும்பு. கோவம் வந்தா வலதுதான் மொதல்ல விரியும்."

"கோவம் இல்லாதப்போ எப்படி இருக்கும்?"

"அப்படி நான் பாத்ததில்ல."

அண்ணியின் மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். நான் சொல்லச் சொல்ல மாஸ்டர் சுரண்டினார், ஒட்டினார், இழைத்தார். ஒவ்வொரு தடவையும் அண்ணி கண்ணை மூடித் தொட்டுப் பார்த்து "ஆமா" என்றாள். கடைசியில் விரலை எடுக்கவே இல்லை.

"இதெல்லாம் எப்படி உனக்குத் தெரியும்?" என்றாள்.

"சாப்பாட்டு மேஜையில இத்தனை வருஷமா எதிர் நாற்காலி எனக்குத்தானே அண்ணி. பாத்துப் பாத்து எரிஞ்சிருக்கேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெழுகு ஒட்டிய விரல்கள், பிசுபிசுவென்றிருந்தன. அவளாக என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

சிலிக்கான் மூக்கு தயாராகி, நிறம் பூசி, பசை வைத்துப் பொருத்திய அன்று மாஸ்டர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார். என்னையும் போகச் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். எலாஸ்டிக் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் பழைய கண்ணாடியை எடுத்துத் தண்டில் வைத்துக் கையை எடுத்தாள். அது அசையாமல் நின்றது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள், "வந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் அழுதேன்.

ஆட்டோ கூப்பிடப் போன என்னைத் தடுத்துவிட்டாள். "நடந்து போலாம்."

மாஸ்க் பைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். சாயங்காலக் கூட்டம். என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக, தெருவின் நடுவில் நடந்தாள். செருப்புக் கடைக்காரர் எங்களைப் பார்த்தார், பார்த்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எங்களை இடித்துக்கொண்டு ஓடின. ஒரு பெண் அண்ணியிடம் நேருக்கு நேர் நின்று பஸ் எப்போது வரும் என்று கேட்டாள், தெரியாது என்றதும் சலித்துக்கொண்டு போனாள்.

தெருமுனை வந்ததும் அண்ணி நின்றாள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒருத்தரும் பாக்கலடி," என்றாள். "ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பாக்கல."

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "வா," என்று என்னை இழுத்தாள், "இன்னொரு தடவை நடக்கலாம்."